குண்டுவுக்குப் போர்வை பத்தவில்லை

“மறுபடியும் வேண்டாங்கறான் டாக்டர்!” என்று அலறினார் யானைக்காரர். குண்டு என்ற குட்டி யானை, நீட்டிய பால் பாட்டிலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தாயில்லாக் குட்டி. கொட்டடியில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நின்று பாட்டிலை நீட்டவேண்டும். போர்வையை அம்மாவின் வயிறு என்று நினைத்து, தும்பிக்கையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு குண்டு குடிக்கும். கொஞ்ச நாளாகத்தான் சாயங்காலப் பாலைத் தொட மறுக்கிறது.

“புள்ள வளந்துட்டான் டாக்டர். இத்தனூண்டு போர்வைய அம்மான்னு எப்படி நம்புவான்?” என்றார் யானைக்காரர். கவலையிலும் மீசை ஒரு சுற்று மேலே ஏறியது. மிருகக்காட்சிசாலையில் மற்றவர்கள் வேலை பார்த்தார்கள். அவர் பிள்ளை வளர்த்தார்.

மறுநாள் அவர் வீட்டுக் கட்டிலிலிருந்து பெரிய போர்வை கிளம்பியது. குண்டு அதை மோந்து பார்த்ததோடு சரி. அடுத்து ஜன்னல் திரை, அதற்கடுத்து சோபா உறை. வீடு காலியானதே தவிர பாட்டில் காலியாகவில்லை.

மதிற்சுவரை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில்தான் அவர் வீடு. மதியம் சாப்பிட வந்தவரை மனைவி பிடித்துக்கொண்டாள்.

“போறவன் வர்றவனெல்லாம் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறான். பெத்த பொண்ணு குளிர்ல நடுங்குறா. உங்களுக்கு யானைதான் பெருசு!”

“அவன் வளர்ற அழக ஒரு தடவ வந்து பாரேன்டி!”

“நானா? அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்!”

திட்டு முடிவதற்குள் அவர் வழக்கம்போலக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

டாக்டருக்குத்தான் கணக்கு உதைத்தது. “சாயங்காலப் பால் அப்படியே திரும்பி வருது. எடை மட்டும் எப்படிய்யா ஏறுது?”

“வளர்ப்பு டாக்டர், வளர்ப்பு! என் கை பட்டாலே போதும்!”

கடைசியில் வாடகைக்கு ஒரு கூடாரத் துணியைப் பிடித்துவந்து கட்டினார். காற்றில் அது படபடவென்று அடித்ததும் குண்டு மிரண்டு ஓடியது. கம்பம் சாய்ந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த மேலதிகாரி துணிக்கு அடியில் காணாமல் போனார்.

வெளியே தவழ்ந்து வந்தவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார். “போதும். பால் குடுக்கிற தாய் யானை வேற ஊர்ல இருக்கு. நாளைக்கே இவன அங்க அனுப்பிடுங்க.”

யானைக்காரரின் மீசை இறங்கிவிட்டது. “ஐயா, அவன் இல்லாம என்னால முடியாதுய்யா…” என்று குண்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார்.

திரைச்சீலையை மீட்டுப்போகப் பையும் கையுமாக வந்து நின்ற மனைவியின் முகம் வெளிறியது. “அனுப்புறதா? யார? எங்க குண்டுவையா?”

‘எங்க’ குண்டுவா? யானைக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் குண்டு நேராக அவளிடம் போய், உரிமையோடு தும்பிக்கையை அவள் பைக்குள் விட்டுத் துழாவியது.

குண்டுவுக்குப் பால் கலக்கிக் கொடுக்கும் ஊழியர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணி, நல்லவேளை இங்கயே இருக்கீங்க! மத்தியானம் குண்டுவுக்குக் குடுக்க வாங்கிட்டுப் போன பாட்டில் எங்க? தினமும் அண்ணன் எந்திரிக்கறதுக்குள்ள கழுவித் திருப்பிக் குடுத்துடுவீங்களே!”