ஒரு கோட்டை, இரண்டு கோயில், ஏழு வீட்டு இலை

பெரம்பலூர்
14-2-1979

அன்புள்ள மாப்பிள்ளை தங்கராசுக்கு, உன் தாய்மாமன் சாமிதுரை எழுதுவது. பயிற்சிக்குப் போன சேலத்தில் நீ சுகமாக இருப்பாய். இதைப் படித்து முடிக்கும்வரையாவது இரு. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சுகம்.

உனக்குப் பார்த்திருக்கும் ராசாத்தியின் அப்பா வைத்திலிங்கம், திருச்சிக்காரர், "அந்தப் பொட்டக்காட்டுல என்னங்க இருக்கு, பொண்ணக் குடுக்க?" என்று கேட்டுவிட்டார் அல்லவா? பெண்ணோ சரித்திர டீச்சர். ரஞ்சன்குடிக் கோட்டை, திருமழபாடி, கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்து, 'ஒருநாள் சரித்திரச் சுற்றுலா' என்று நானே பெயர் சூட்டி, ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வேனில் ஏற்றினேன். உலகமே பின்னால் வரும் என்று நினைத்தேன். வந்தது சொந்தக்காரர்கள். கோட்டைக்கு முன்பே என் சகலை அய்யம்பெருமாள் மறித்து, ஆளுக்குப் பதினெட்டு இட்லி. வைத்திலிங்கம் கோட்டையை வேனில் சாய்ந்தபடிதான் பார்த்தார். அரியலூரில் இரண்டு வீடு. திருமழபாடிக்குப் போனால் நடை சாத்தியாச்சு, இனி நாலு மணிக்குத்தானாம். உடையார்பாளையத்தில் உன் பெரியம்மா கொளஞ்சியம்மாள் நடுரோட்டில் கையை விரித்து நின்றாள்.

"எறங்குங்க சம்பந்தி! கோழி கொதிச்சுக்கிட்டு இருக்கு."

"இன்னும் சம்பந்தி ஆவலீங்கம்மா" என்றார், கண்ணில் நீரோடு.

"சாப்புட்டா ஆயிடுவீங்க, வாங்க!"

ஜெயங்கொண்டத்தில் மூன்று வீடு, மூன்றிலும் முந்திரிப் பாயசம். கங்கைகொண்ட சோழபுரத்தில் காவல்காரர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். ராசாத்தி கம்பியில் முகத்தை வைத்து, இருட்டப் போகிற கோபுரத்தையே பார்த்தாள். கங்கை வரை படை நடத்திய சோழனே இத்தனை இடத்தில் நின்றிருக்க மாட்டான். அவனுக்கு வழியில் சகலை வீடு இல்லை. "தபால் போடறேங்க" என்றார் வைத்திலிங்கம். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அலுத்துப்போச்சு மாப்பிள்ளை. சுற்றுலாவைக் கலைத்துவிட்டேன். உன் கல்யாணத்தையும் நானே கலைத்துவிட்டேன், மன்னித்துவிடு.

உனக்கு நீண்ட ஆயுளும், என்னைவிட நல்ல மாமனும் கிடைக்க ஆசீர்வாதம்.

சாமிதுரை

பி.கு: உறையை ஒட்டும்போது திருச்சியிலிருந்து கார்டு வந்தது. "கோயில் எதையும் பார்க்கவில்லை. ஆனால் ஏழு வீட்டில் சோறு போட்டார்கள். என் பெண் அங்கே பட்டினி கிடக்க மாட்டாள். தேதி பாருங்கள்." அதன் கீழே ராசாத்தி எழுதியிருக்கிறாள்: "கோட்டை கோயில் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு அப்புறம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பஸ்ஸில். மாமா வர வேண்டாம்." பாவம் அந்தப் பிள்ளை. நம் பஸ் யார் யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது.