தவுக்காணி

"இந்தப் பூச்சுக்கு உங்க பக்கம் என்னய்யா பேரு?"

மகளின் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் சங்கிலிமுத்துவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ரோஜா நாரணாபுரத்தில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறாள். போன மாதம் பக்கத்து ரூம் பற்றி எரிந்து இரண்டு பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். இவளையாவது காப்பாற்ற, தான் காவல் இருக்கிற அச்சாபீஸில் தாள் மடிக்கிற வேலை கேட்டு வந்தால், முதலாளி அய்யாதுரை கையில் ஒட்டிய அலுமினியத் தூளுக்குப் பெயர் கேட்கிறார்.

முதலாளிக்குச் சொல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டாளிகளோடு டீ குடித்துக்கொண்டு ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்து வேர் தோண்டுவார். வயிறு நிறைந்தவர்களுக்கு வேறென்ன வேலை? போன வருடம் அவர் அச்சடித்த காலண்டரில் 'தகுப்பல்' என்று ஒன்று வந்தது. நமத்துப்போன திரியின் வாசனையாம்.

"புதுச் சொல்லு ஒண்ணு குடு. வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பெயரா? தூள், தூள்தான். அப்படிச் சொன்னால் வேலை போச்சு.

"தவுக்காணிம்பாக, முதலாளி."

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் தனுஷ்கோடி மேசையில் ஓங்கித் தட்டினார். "தவ்வுன்னா குறையிறது. காணின்னா நிலம். உள்ளங்கையைத் தவிர வேற நிலம் இல்லாதவன் சொன்ன சொல்லுய்யா இது!"

ரோஜா அப்பனை முறைத்தாள்.

"அடுத்த ஞாயிறு உங்க தெருவுக்கே வந்து கேக்கோம்," என்றார் முதலாளி.

சங்கிலிமுத்து தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். "தவுக்காணின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி. எம் மக பொழைச்சுப் போவா."

"எதுக்குலே அது?"

"எதுக்கோ. சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. வீரலட்சுமி, "தவுக்காணி சோத்துலயும் எறங்குது சாமி," என்றாள். சோலையம்மாள், "போலே தவுக்காணி!" என்று மகனை வைதாள். இன்னொருத்தி அது கண்ணில் வருகிற நோய் என்று சத்தியம் செய்தாள்.

கெட்டது குடி என்று சங்கிலிமுத்து தலையில் கைவைத்தான். தனுஷ்கோடிக்கோ கண் கலங்கிவிட்டது. "இம்புட்டுப் பொருள்ல புழங்குதுன்னா எம்புட்டுப் பழைய சொல்லா இருக்கணும்!"

தவுக்காணியோடு காலண்டர் அச்சாகி வந்தது. வேலைப் பேச்சு வரவில்லை. அவனாகப் போய்க் கேட்டான். முதலாளி தோளில் கை போட்டார்.

"ரோஜாவை இங்கன கொண்டாந்து என்னய்யா செய்ய? சொல்லு வெளையிற எடம்யா அது. அவ அங்கன இருந்தாத்தான இன்னும் நாலு சொல்லு கெடைக்கும்?"

"அது பொய்யி முதலாளி! நானாக் கட்டிவிட்டது!"

தனுஷ்கோடி சிரித்தார். "பாத்தீகளா? பேசுறவனுக்கு அதோட அருமை தெரிய மாட்டேங்குது."

முதலாளி ஒரு காலண்டரைச் சுருட்டி அவன் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் ரோஜா கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். என்ன சொல்ல? அச்சாபீஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கே டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஆபீஸ் எடுபிடி காளிராஜ் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, காலண்டரை வாங்கி விரித்துப் பார்த்தான்.

"தவுக்காணி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றான். "போன வருசத்துத் தகுப்பல் நான் கட்டிவிட்டது. எம் மக இன்னும் அங்கனதான் திரி வெட்டுதா."