ஐம்பது சீட் பஸ்ஸில் ஒருவன்

கர்நாடகம் வேறு மாநிலம் என்பது ஓசூர்க்காரனுக்குத் தேர்தல் சமயத்தில்தான் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் அது அடுத்த ஸ்டாப். சும்மா ஒரு டீ குடிக்கக்கூட எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போய்வருகிற ஆள் நான். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் விளையாட்டுப் பயிற்சி தொடங்கினார்கள். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே அணியாகத் தரையில் உட்கார்ந்தே ஆடும் வாலிபால். பள்ளிக்கூட டீமில் இருந்தேன் என்று எப்போதோ அளந்துவிட்டதால் கோச் வேலை என் தலையில் விழுந்தது. (இருந்தது உண்மை. தண்ணீர் பாட்டில் பக்கத்தில்.) முதல் நாள் உட்கார்ந்து காட்டினேன். எழ முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கியவள் தர்ஷினி, ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது காலில் வலு இல்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டால் அவள் அடித்த பந்தை எடுக்க அங்கே ஆள் கிடையாது. பெங்களூரிலிருந்து ஒரு கிளப் எங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. நன்றாக ஆடும் ஒருவருக்கு அங்கேயே தங்கிப் பயிற்சி. அது தர்ஷினிக்குத்தான் என்று முகாமே பேசியது.

“தம்பி, வெளிமாநிலம் போறதெண்டால் பெர்மிஷன் எடுக்க வேணும். எடுப்பீங்கள்தானே?” என்று அவள் அம்மா கேட்டார்.

“பெங்களூரு என்னம்மா வெளிமாநிலம்? எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

நான் பார்த்துக்கொண்டது பஸ், எலுமிச்சை சாதம், பேனர் ஆகியவற்றை.

ஞாயிறு காலை எல்லோரும் புது ஜெர்சியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முகாம் வாசலில் போலீஸ்காரர் அனுமதி உத்தரவைக் கேட்டார்.

“சார், இதோ இருக்குது பெங்களூரு. நான் வாரத்துக்கு ரெண்டு வாட்டி போறேன்.”

“நீங்க போங்க. உங்கள யாரு புடிச்சா?”

தாலுகா ஆபீசுக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தர்ஷினி கடைசியாக இறங்கினாள். அந்தப் படி அவளுக்கு உயரம். இந்த முறை நான்தான் கைகொடுத்தேன்.

அங்கே காத்திருப்பவர்களுக்கு நேரில் சொல்வதுதான் மரியாதை என்று கிளம்பினேன். ஐம்பது சீட் பஸ்ஸில் நான் ஒருவன், முன்னால் ‘எல்லைகளைக் கடப்போம்’ என்ற பேனர். (வாசகம் என்னுடையது.) எல்லையில் என்னை ஒருவரும் நிறுத்தவில்லை. கிளப்பில் அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து ஆறிப்போன எலுமிச்சை சாதத்தை முகாமிலேயே பிரித்தோம்.

“அங்க கோர்ட் எப்படிண்ணா இருந்துச்சு?” என்றாள் தர்ஷினி.

“சிமெண்ட்டு.”

“நல்லவேளை. உக்காந்தா சுட்டிருக்கும்.”

மரத்தளம், அதுவும் வழுவழுவென்று இழைத்தது. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது நான் பால் வாங்கக் கிளம்பினாலும் என் மனைவி, “பெர்மிஷன் வாங்கிட்டீங்களா?” என்பாள். வீடே சிரிக்கும். இந்தப் பொங்கலுக்குத் தர்ஷினி வந்திருந்தபோதும் மனைவி என்னிடம் அதையே கேட்டாள். தர்ஷினிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் கடிகாரத்தைப் பார்த்து ஊன்றுகோலை எடுத்தாள்.

“கெளம்பறேங்க்கா. சாயங்காலம் முகாம்ல செக்கிங் இருக்கு. ஆள் இல்லைன்னா பேரை எடுத்துருவாங்க.”