கொசுவின் மீது வழக்குப் போட்டவர்

நானறிந்தவரை, இந்தப் பூமியில் கொசுவின் மீது வழக்குப் போட்டு ஜெயித்த ஒரே மனிதர் எங்கள் ‘ரிட்டு’தான்.

அப்போது நான் ஒரு சிறை அலுவலகத்தில் எழுத்தர். கைதிகள் நீதிமன்றத்துக்கு எழுதும் மனுக்களில் முத்திரை குத்தி அனுப்புவது என் வேலை. ரிட்டு வந்த ஆறே மாதத்தில் முத்திரையின் கைப்பிடி கழன்றுவிட்டது. வெண்ணந்தூர்க்காரர். ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு கைகலப்பில் ஆள் செத்துப்போக, ஆயுள் தண்டனை. எட்டாம் வகுப்புப் படிப்பு, வக்கீல் கிடையாது. உயர் நீதிமன்றத்துக்குத் தானே ரிட் மனு எழுதிக்கொண்டே இருப்பார். அதனால் அந்தப் பெயர்.

கொசு மனுவில் எதிர்த்தரப்பு அரசாங்கம்தான். ஆனாலும் முதல் வரியே ‘மேற்படி கொசுக்கள்’ என்றுதான் தொடங்கும். நீதிமன்றம் விளக்கம் கேட்டது. எல்லா அறைகளுக்கும் கம்பிவலை வந்தது. அடுத்த மனு, சாம்பாரில் பருப்பு இருப்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று. அதற்கடுத்தது, காவலர் ஊதும் விசிலின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி.

“இதெல்லாம் ஒரு கேஸா?” என்றேன்.

“ஏனுங்க சார், கைதிக்குக் காது இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கீங்க எழுதியிருக்குது?”

முத்திரை குத்தினேன்.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே ஒரு மனு மட்டும் சின்னதாக இருந்தது. இடது கண்ணில் பார்வை மங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று. துணைக்குப் போகப் போலீஸ் இல்லை என்று மூன்று முறை பயணம் தள்ளிப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். “அந்தாளு போட்ட மனுவெல்லாம் ஒரு லிஸ்ட் எடுய்யா. கோர்ட்டுல குடுக்கணும். சிரிப்பு வர்றதா மொதல்ல போடு.”

போட்டேன். விசிலை முதலில் வைத்தேன். சாம்பார் இரண்டாவது. ஜெயித்த கொசு வழக்கை விட்டுவிட்டேன். கண் மனுவைப் பதினேழாவதாக, ‘கண் எரிச்சல்’ என்று இரண்டே வார்த்தையில் எழுதினேன்.

நீதிமன்றத்தில் சிரித்தார்களாம். பிறகு உத்தரவு வந்தது: எல்லாம் தள்ளுபடி. நேரத்தை வீணடித்ததற்கு அபராதம். இனி வக்கீல் கையெழுத்தில்லாமல் இவர் மனு எதையும் ஏற்கக் கூடாது.

ரிட்டு அதை இரண்டு தடவை படித்தார், தாளை வலது கண்ணருகே பிடித்து. “வக்கீல் கெடைச்சா நான் ஏனுங்க எழுதப் போறேன்?” என்றார். அவ்வளவுதான்.

கண்ணுக்காக மறுபடி எழுதினார். திரும்பி வந்தது. இலவச சட்ட உதவிக்கு விண்ணப்பித்தார். அந்த வக்கீல் எட்டு மாதம் கழித்து வந்து காகிதத்தை நீட்டியபோது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் ரிட்டுவின் விரல் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு கண்களும் போயிருந்தன.

விடுதலையாகித் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் ஓமலூரிலிருந்து வெண்ணந்தூர் போனேன். குரலை வைத்தே கண்டுகொண்டார். காப்பி வந்தது. “ஒரு விஷயம் சொல்லணும். அந்த லிஸ்ட்...” என்றேன்.

“நீங்கதான் எழுதுனீங்கன்னு தெரியுமுங்க. கோர்ட்டுக் காயிதத்தோட எனக்கும் ஒரு காப்பி வந்துச்சே. உங்க எழுத்து தெரியாதுங்களா எனக்கு?”

“ஒரு வார்த்தை கேக்கலையே?”

“கேட்டா நீங்க அப்புறம் எனக்கு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டீங்களே சார். அங்க எங்கூடப் பேசுனது நீங்க ஒருத்தருதானுங்க.”

பஸ் நிறுத்தம் வரை சுவரைத் தடவிக்கொண்டே வந்து வழியனுப்பினார். இரண்டு பஸ்கள் ஒன்றாகக் கிளம்பின. நான் சேலம் பஸ்ஸில் இருந்தேன். அவர் ராசிபுரம் பஸ்ஸுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி ஓடினேன். ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து, “நான் இன்னும் போகலைங்க” என்றேன்.