இந்த வருஷம் கோப்பை கிடையாது

இந்த வருஷம் டீச்சர்களுக்குக் கோப்பை கிடையாது என்று நான் அறிவித்தபோது, என் மனைவி நெரிஸ் சின்னவனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

நான் விளக்கினேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த ஊரில் உள்ள எல்லாப் பெற்றோரும் எல்லா ஆசிரியைகளுக்கும் ‘உலகத்தின் தலைசிறந்த ஆசிரியை’ என்று எழுதிய கோப்பையைக் கொடுக்கிறார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர்தான் உலகத்திலேயே தலைசிறந்தவராக இருக்க முடியும்? சமையல்காரம்மாவுக்குக்கூட அதே கோப்பை. கோப்பை இல்லாவிட்டால் வாசனை மெழுகுவத்தி. வேல்ஸ் முழுக்க மின்சாரம் நின்றுபோனாலும் எங்கள் ஊர் ஆசிரியைகள் வீட்டில் ஈஸ்டர் வரை வெளிச்சம் இருக்கும். யாராவது கொஞ்சம் யோசித்துக் கொடுக்க வேண்டாமா?

“அப்ப நீயே யோசிச்சுக் குடேன்” என்றாள்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். காரணம் பக்கத்து வீட்டு ஹூவல். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கும் ரக்பி ஆட்டத்துக்கு அவரிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. இரண்டாவது டிக்கெட் எனக்கு என்று சொல்லியிருந்தார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் மாமியாருக்குச் சொந்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் ஊரான ஏபரிஸ்ட்வித்துக்கு வளைந்து வளைந்து போகும் பாதை. போய்ச் சேர்ந்ததும் ஆறிப்போன வான்கோழி. அதன் பிறகு மாலைவரை மாமியாருடன் உட்கார்ந்து, துண்டுகளைப் பொருத்திக் கலங்கரை விளக்கப் படம் ஒன்றை உருவாக்க வேண்டும். அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு எந்த வருஷமும் விளக்கு இருந்ததில்லை. அந்தத் துண்டு மட்டும் தொலைந்துவிட்டது.

ஆகவே பேரம் பேசினேன். பரிசு விவகாரம் முழுவதையும் நான் தலையில் போட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு அன்றைக்கு என்னை ஆட்டத்துக்கு விட்டுவிட வேண்டும்.

நெரிஸ் சின்னவனைக் கீழே இறக்கிவிட்டாள். அவன் பெயர் மேக்சன், மூன்று வயது, நர்சரிக்குப் போகிறான். அவன் அக்கா லோவ்ரி பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு.

“சரி” என்றாள் நெரிஸ். “ஸ்கூல்ல மிஸ் பெவனுக்கு மட்டும் குடுத்தாப் போதும். ஆனா நர்சரியில வேலை பாக்குறவங்க ஒருத்தர் விடாம எல்லாருக்கும் குடுக்கணும். லீவுக்கு மூடுறதுக்குள்ள. ஒருத்தர் விட்டுப்போனாலும் நீ எங்கம்மா வீட்டுக்கு வர்ற.”

“ஒருத்தரும் விட்டுப்போகாது.”

“புலம்பாம வரணும்.”

“வர்றேன். அதாவது, விட்டுப்போனா.”

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

என் திட்டம் சட்னி. கேரேஜில் பழுக்காமல் நின்றுபோன தக்காளிகள் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தன. என் தோட்டத்துத் தக்காளி, என் கை, என் வியர்வை. எந்தக் கடையிலும் கிடைக்காத பரிசு. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வினிகரைக் கொதிக்கவிட்டேன். வீட்டில் கண் கலங்காதவர் ஒருவரும் இல்லை. ஹூவல் வந்து கதவைத் தட்டி, சாக்கடை அடைத்துக்கொண்டதா, ஆளைக் கூப்பிடட்டுமா என்று அக்கறையாக விசாரித்தார். சட்னி என்றேன். அவர் டிக்கெட்டை மட்டும் மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. அலமாரியில் வால்நட் இருந்தது. நெரிஸ் ஜன்னலைத் திறந்துவிட்டு அதனருகே நின்றிருந்தாள்.

“வால்நட் போட்டா நல்லா இருக்கும்ல?”

“ரொம்ப நல்லா இருக்கும். எங்கம்மாவுக்கு வால்நட்னா உயிர்.”

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். முழுப் பொட்டலத்தையும் கொட்டினேன். ஜாடிகளில் அடைத்து, மூடிக்குக் கட்டம் போட்ட துணியால் தொப்பி கட்டி, ஊறுவதற்காகக் கேரேஜில் அடுக்கினேன்.

அடுத்து, யாருக்கெல்லாம் கொடுப்பது? நர்சரியில் எல்லாரும் ஊதா நிற டீ-ஷர்ட் போட்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் எல்லாரும் ஒரே ஆள். அந்த ஆள் காலையில் மேக்சனை வாங்கிக்கொள்வார், சாயங்காலம் பெயின்ட் பூசித் திருப்பித் தருவார். நெரிஸுக்கு அவர்களைத் தெரியும். அக்டோபரிலிருந்து வியாழனும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் அவள் அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறாள். அந்த இரண்டு நாளும், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் நான் என் ரொட்டியை நானே வாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அவளிடம் கேட்டால் நான் யோசிக்கவில்லை என்று ஆகிவிடும். கேட்கவில்லை.

நர்சரி வாசலில் ஒரு பலகை உண்டு. அங்கே வேலை பார்க்கும் எல்லாருடைய புகைப்படமும், கீழே பெயரும். டிசம்பர் முதல் வாரத்தில் போய் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பலகையைச் சுற்றிச் சரிகை மாலை போட்டிருந்தார்கள். கீழ் மூலையில் பஞ்சால் செய்த ஒரு பனிமனிதன். நர்சரியின் தலைவி கெய்னர், அது நெரிஸின் கைவேலை என்று பெருமையாகச் சொன்னார். அழகாகத்தான் இருந்தது. பலகைக்குக் கொஞ்சம் பெரிசு.

கடைசி வாரம் வியாழக்கிழமை காலை ஜாடிகளைப் பெட்டியில் வைத்து நர்சரிக்குத் தூக்கிப்போனேன். கெய்னர் ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளே மிதப்பது என்ன என்று கேட்டார். வால்நட் என்றேன். குண்டு என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வேகமாக ஜாடியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்திருக்கமாட்டார். என்னையும் பெட்டியையும் சேர்த்து வாசலுக்கு வெளியே நிறுத்தினார். பிறகு கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வேர்க்கடலையும் வால்நட்டும் வரைந்து, மேலே சிவப்பில் குறுக்குக்கோடு போட்டு அடித்திருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கிறதாம். ஒரு வருஷமாக அந்தக் கதவை நான் தினமும் திறந்து மூடுகிறேன்.

வீட்டுக்குப் போனதும் நெரிஸைக் கேட்டேன்.

“அங்க வால்நட் கொண்டுபோகக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியுமே. கதவுலயே ஒட்டியிருக்கு.”

“சமைக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?”

“நல்லா இருக்குமான்னுதானே கேட்ட? நல்லா இருக்கும்னு சொன்னேன்.”

மறுநாள் நர்சரி விடுமுறைக்கு மூடுகிறது. கடைக்கு ஓடினேன். பரிசுப்பொருள் பகுதியில் என்னைப் போலவே முகம் வெளுத்த அப்பாக்கள் சிலர், காலி அலமாரிகளுக்கு நடுவே ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். சாக்லேட் இல்லை. கைக்குப் பூசும் கிரீம் இல்லை. நான் அவ்வளவு இகழ்ந்த மெழுகுவத்தியில் ஒன்று, ஒன்றே ஒன்று, இருக்காதா என்று அலமாரிக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன். இருந்தவை கோப்பைகள். ‘உலகத்தின் தலைசிறந்த ஆசிரியை’. ஜோடி ஜோடியாகத்தான் தருவோம் என்றார்கள். போனில் இருந்த பலகையைப் பார்த்து எண்ணி வாங்கினேன். ஒன்று மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை காலை முதலில் பள்ளிக்கூடம். மிஸ் பெவன் நல்ல பெண்மணி. உறையைப் பிரித்து, ஐயோ, கோப்பையா, எப்படித் தெரியும் எனக்குப் பிடிக்குமென்று, என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் அதே கோப்பை வரிசையாக நின்றது.

“அப்பா கோப்பையே கூடாதுன்னு சொன்னாங்க மிஸ்” என்றாள் லோவ்ரி. “ஆனா கடையில வேற ஒண்ணுமே இல்ல.”

அங்கிருந்து நர்சரி. பலகையைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். இடுப்பு வலியால் லீவில் இருந்த சமையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப்பிடித்து அவர் கையிலும் கொடுத்தேன். ஒருவரும் விட்டுப்போகவில்லை. வீட்டுக்கு வந்து ஹூவலைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். சாயங்காலம் மிஞ்சிய கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன். எல்லாரும் குறை சொல்கிறார்கள், டீ குடிக்க நல்ல கோப்பைதான்.

ஆறரைக்கு நெரிஸ் மேக்சனோடு வந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

“எல்லாருக்கும் குடுத்துட்டியா?”

“ஒருத்தர் விடாம. பலகையில இருக்குற எல்லாருக்கும்.”

“காட்டு.”

போனை நீட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கி, பனிமனிதனின் வயிற்றில் விரலை வைத்தாள்.

“இதுக்கு அடியில யாரு?”

“அடியிலயா?”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு நேரே அப்படியே நின்றாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் போட்டிருந்தது ஊதா நிற டீ-ஷர்ட். நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது. அக்டோபரிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அதை நான்தான் துவைத்துக் காயப்போடுகிறேன்.

“நீ சும்மா உதவிக்குத்தானே போற?”

“சும்மாவா? சம்பளம் வாங்குறேன் எமிர். உன் பிள்ளைக்கே அங்க நான்தான் சோறு போடுறேன்.”

“அந்தப் பஞ்ச நீதானே ஒட்டின?”

“நான்தான். பஞ்சுதானே, இரும்பா? தூக்கிப் பாத்திருக்கலாம். இல்ல, பாக்காமலே ஞாபகம் வந்திருக்கலாம்.”

எழுந்தேன். கையில் இருந்த கோப்பையை அவளிடம் நீட்டினேன். இன்னும் இன்றைய தேதி முடியவில்லையே என்றேன்.

“மூடுறதுக்குள்ளன்னுதான் பேச்சு. மூடியாச்சு, நான்தான் பூட்டினேன்” என்றாள். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். “அதுவும் பாதி குடிச்சது.”

இரண்டாவது டிக்கெட்டில் ஹூவல் தன் மைத்துனரை அழைத்துப் போனார். நாங்கள் ஏபரிஸ்ட்வித் போனோம். நெரிஸ் காரை ஓட்டினாள். பின்சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் பரிசுகள். இடமில்லாததால் சட்னிப் பெட்டி என் மடியில். ஒவ்வொரு வளைவிலும் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பேசினபடி நான் புலம்பவில்லை.

மாமியார் வாசலிலேயே காத்திருந்தார். பிள்ளைகளைக்கூடக் கவனிக்காமல் நேராக என்னிடம் வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வால்நட் போட்டதுதானே? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீயே உன் கையால கொண்டுவந்து தருவேன்னு நவம்பர்லயே நெரிஸ் சொல்லிட்டா” என்றார்.