கட்டிறாத சோலைமலை

ஊருக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவிலும் இருக்கிறார், இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வண்டிக்குப் போலீஸ் அபராதம் போட்ட செய்தி உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் முன்னே அவருக்குத் தெரிந்துவிடும். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வந்து நிற்பார். எந்த இடத்தில், எந்தத் தேதியில், என்ன குற்றத்துக்கு என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். அதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி. அவர் நேராகத் தீர்ப்புக்கு வந்துவிடுவார்.

"கட்டிறாத."

இந்த இனத்துக்கு அரசாங்கம் இன்னும் பெயர் வைக்கவில்லை. நாமே வைத்துவிடுவோம்: கட்டிறாதக்காரர்.

கட்டிறாதக்காரர் வக்கீல் அல்ல. வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவரும் அல்ல. கோர்ட்டை அவர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், அதுவும் அந்தப் பக்கத்துச் சீட் கிடைத்த நாட்களில். ஆனாலும் ஹெல்மெட் போடாததற்கு எந்தப் பிரிவு, பின்னால் உட்கார்ந்தவர் போடாததற்கு எந்தப் பிரிவு, வண்டியை மறிக்கிற போலீஸ்காரர் தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தால் நாம் இறங்க வேண்டும், எத்தனை இருந்தால் இறங்க வேண்டாம், சாவியைப் பிடுங்கினால் என்ன கேட்க வேண்டும், கேட்டதற்கு அவர் முறைத்தால் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பது வரை மூச்சு விடாமல் சொல்வார். நேற்றுச் சொன்ன பிரிவு எண்ணும் இன்று சொல்கிற பிரிவு எண்ணும் ஒன்றாக இருக்காது. யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

ஆமத்தூர்ச் சோலைமலை இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நகல் எப்போதும் இருக்கும். ஏதோ அரசாணை. அதை அவர் வெளியே எடுப்பார், ஆட்டுவார், உள்ளே வைப்பார். படிக்கக் கொடுத்ததில்லை. காலை ஏழு மணிக்குப் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்து, இன்றைக்குப் போலீஸ் எந்தப் பாலத்தடியில் நிற்கிறது, மத்தியானம் எந்த வேப்ப மரத்துக்கு மாறும் என்று வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பார். அவருடைய ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல்தான் பயணம் செய்யும். போலீஸ் தொப்பி தூரத்தில் தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும்.

அவர் பேச்சைக் கேட்டுக் கட்டாமல் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் சுடலை மூன்று தடவை கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் முழுசாகக் கட்டிவிட்டு வந்தான். சோலைமலை கொஞ்சமும் அசரவில்லை. "நீ அங்கன போயி முகத்த வச்ச விதம் சரியில்லலே" என்றார். கட்டிறாதக்காரர் தோற்பதே இல்லை. கேட்டவர்கள்தான் சரியாகக் கேட்காமல் தோற்கிறார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தாள் மாரிசெல்வி.

மாரிசெல்வி ஆறு வருடமாகச் சிவகாசிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தாள். வெடிமருந்து அடைக்கிற பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளி நிறம். எந்தச் சோப்புக்கும் அது போகாது. கம்பெனி வேன் தினமும் அவளை ஏற்றிப் போய் இறக்கிவிடும். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார மாட்டாள். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் எப்போது கியர் மாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே வருவாள். அப்படிப் பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்சும் வாங்கிவிட்டாள். தீபாவளியோடு வேன் டிரைவர் வேலையை விட்டுவிட்டார். சீசன் முடிந்த விடுமுறைக்குப் பிறகு கம்பெனி திறக்கிற அன்று பூஜை போட்டு வேனை மாரிசெல்வியிடமே கொடுப்பதாக மேனேஜர் இராமகிருஷ்ணன் சொல்லிவிட்டார்.

சொன்னவர் ஒரு காரியம் செய்தார். அவளுடைய ஸ்கூட்டர் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒரு வழக்கு நின்றது. ஆயுத பூஜைக்கு மறுநாள், பைபாஸ் கேமரா பிடித்தது, ஹெல்மெட் இல்லை, செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டியது. யாரும் கட்டாததால் கோர்ட்டுக்குப் போய்விட்டது. முப்பது பேரை ஏற்றிப் போகிற வேன், டிரைவர் பேரில் ஒரு கேஸும் இருக்கக் கூடாது, திறக்கிற நாளுக்குள் முடித்த காகிதம் கொண்டு வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார்.

மாரிசெல்வி நாளை எண்ணிப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் அவள் ஸ்கூட்டர் டயர் பஞ்சராகி வாசலில் படுத்துக் கிடந்தது. இருந்தாலும் வேன் முக்கியம். தப்போ சரியோ, கட்டித் தொலைத்துவிடலாம் என்று கிளம்பினாள். தெரு முனை தாண்டவில்லை.

"கட்டிறாத தாயி" என்றார் சோலைமலை.

அவள் விவரத்தைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். செய்யாத குற்றத்துக்குக் கட்டினால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்றார். இதில் நியாயம் இருந்தது. கட்டிறாதக்காரரிடம் உள்ள பெரிய ஆபத்தே அதுதான்: பத்தில் ஒன்று சரியாகச் சொல்வார். அந்த ஒன்றை நம்பி மாரிசெல்வி தன் பத்து நாளை அவரிடம் ஒப்படைத்தாள்.

முதல் மூன்று நாள் அவருக்குத் தெரிந்த ஆள் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் லோக் அதாலத் வரும் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார். திங்கட்கிழமை அவளைச் சூலக்கரைக்கு அழைத்துப் போய்க் கலெக்டர் அலுவலகத்து மனு நாள் வரிசையில் நிறுத்தினார். பட்டாவுக்கு வந்தவர்களும் உதவித்தொகைக்கு வந்தவர்களும் நிற்கிற வரிசை. நாலு மணி நேரம். அங்கே இருந்தவர் இது கோர்ட் விஷயம் என்று சொல்லி, மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது மட்டும் கொடுத்தார். சோலைமலை அந்த ரசீதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்தது கேஸ் என்று அறிவித்தார். டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

மாரிசெல்வி வடையைத் தின்றுகொண்டே யோசித்தாள். மேனேஜர் பார்த்த சுருக்கம் போக, அந்த வழக்கின் முழு விவரமும் செல்போனில் பார்க்க முடியுமாமே, முதலில் அதைப் பார்த்தால் என்ன? பார்த்தாள். வண்டி எண் கேட்டது, போட்டாள். உடனே ரகசிய எண் ஒன்றை அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அவள் போனுக்கு ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் வாங்க அவளை ஷோரூமுக்குக் கூட்டிப் போனவர் சோலைமலை. அன்றைக்கே அவரும் ஒரு பைக் எடுத்தார். தன்னுடைய செல்வாக்கால்தான் அவருக்கு 4133, அவளுக்கு 4138 என்று பக்கத்துப் பக்கத்தில் எண் கிடைத்ததாக ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். செல்போன் எண் கேட்டபோது, பெண்பிள்ளைக்கு எதற்குத் தொந்தரவு என்று தன் எண்ணைக் கொடுத்தவரும் அவர்தான். ஆக, ஆயுத பூஜையிலிருந்து போலீஸும் கோர்ட்டும் மாரிசெல்விக்கு அனுப்பிய அத்தனை செய்தியும் சோலைமலையின் போனில், படிக்காத நாலாயிரம் செய்திகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தன.

ஓடிப் போய், இப்போது வந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"ஓ.டி.பி.ய யாருக்கும் சொல்லக் கூடாது தாயி" என்றார் சோலைமலை. "அது சட்டம்."

அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. கம்பெனி திறப்புக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த நாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்து விருதுநகர் கோர்ட்டுக்குக் கிளம்பினாள். கட்டிறாதக்காரர் விடுவாரா? நான் இல்லாமல் நீ அங்கே போய் என்ன பேசுவாய் என்று பின்சீட்டில் ஏறினார். இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினாள். மடியில் வைத்துக்கொண்டார்.

"தலையில போடுங்க சித்தப்பா. இல்லன்னா இறங்கிக்கோங்க."

போட்டுக்கொண்டார். ஆமத்தூரிலிருந்து விருதுநகர் வரை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சட்டம் பேசிக்கொண்டே வந்தார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பத்து நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

கோர்ட் வளாகத்தில் வழக்கு விவரம் சொல்வதற்கென்றே ஓர் அறை இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் அழகுமீனா என்ற பெண் உட்கார்ந்திருந்தார். மாரிசெல்வி எண்ணைச் சொல்ல வாயைத் திறக்கும் முன்னே சோலைமலை பிளாஸ்டிக் உறையை எடுத்து ஆட்டினார். கேமரா என்பது ஓர் இயந்திரம், இயந்திரம் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடம் இல்லை, இந்தப் பிள்ளை பேரில் கேஸ் போட்டவர்மேல் நாங்கள் கேஸ் போடப் போகிறோம் என்று தொடங்கி, வரிசையில் நின்ற பத்துப் பேரும் தலையாட்டுகிற அளவுக்குப் பேசினார். அழகுமீனா அவரைப் பேசவிட்டுவிட்டு, மாரிசெல்வியிடம் கேட்டு எண்ணைத் தட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"போட்டோ பாத்தீகளா?"

"போட்டோவா?" என்றார் சோலைமலை. இருநூறு பேருக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு, அபராதத்தோடு போட்டோவும் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அழகுமீனா திரையைத் திருப்பினார்.

ஸ்கூட்டர் அல்ல, பைக். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு ஹெல்மெட் சுகமாக உட்கார்ந்திருந்தது. முன்னால் "இருக்கன்குடி மாரியம்மன் துணை" என்று மஞ்சள் எழுத்து. கைப்பிடியில் வாழைக்கன்று. ஓட்டியவர் ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையை ஆகாயத்தில் வீசியிருந்தார். அந்தக் கையை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கட்டிறாத என்று சொல்கிற கை. வண்டி அந்த நொடியில் யார் கையிலும் இல்லை, மாரியம்மன் துணையில்தான் போய்க்கொண்டிருந்தது.

எண் பலகை முழுக்கச் சந்தனம். ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். சோலைமலை எண்ணுக்கு ஒரு பொட்டு வைப்பார். வைத்ததைக் கழுவினால் ராசி போய்விடும் என்று கார்த்திகை வரை துடைக்கவும் மாட்டார். கடைசி 3-இன் இடது பக்கத்து இடைவெளியில் குங்குமம் காய்ந்து கறுத்து, கேமரா கண்ணுக்கு அசல் 8.

அறையில் யாரோ முதலில் இருமினார்கள். பிறகு அது இருமல் இல்லை என்று தெரிந்தது.

சோலைமலை திரையைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். சாயல் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நான் இல்லை என்றார். அழகுமீனா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இது என் வண்டி இல்லை என்று மாரிசெல்வி மனுக் கொடுக்கலாம், போலீஸ் விசாரித்து வர ஒரு மாதம் ஆகும். வண்டிக்காரரே இது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிட்டால் இன்றைக்கே இவள் பெயர் நீங்கிவிடும்.

மாரிசெல்வி சத்தம் போடவில்லை. வெள்ளி ஒட்டிய விரலால் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சித்தப்பா, நாளைக்கு ஆறு மணிக்கு வேன் எடுக்கணும். இல்லன்னா அதே வேன்ல பின்சீட்டு. நீங்களே சொல்லுங்க."

அவர் பேனாவைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் போகப் போவது, கட்டிறாத என்று சொல்லிச் சொல்லிப் பதினைந்து வருடமாகச் சேர்த்த பெயர். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தப்பிப்பதற்கு வழி கிடைத்ததென்று வேகமாக எடுத்தார். எடுத்த வேகத்தில் ஸ்பீக்கர் அமுங்கிவிட்டது. சுடலை. சிவகாசியில் மறித்துவிட்டார்கள், அபராதம் போட்டுவிட்டார்கள், என்ன செய்யட்டும் என்று அறை முழுக்கக் கேட்கக் கேட்டான்.

சோலைமலையின் கை பழக்கத்தில் ஆகாயத்துக்குப் போனது. திரையில் அதே கை. அழகுமீனா பார்த்தார். வரிசை பார்த்தது. மாரிசெல்வி பார்த்தாள். கை பாதி வழியில் நின்றது.

"கட்டிருலே" என்றார் சோலைமலை.

 மறுமுனையில் சுடலை கேட்டான்: "யாரு பேசுறது? அண்ணாச்சி போன எவம்ல திருடுனது?"

சோலைமலை கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆமத்தூர் நிறுத்தத்தில் வேன் வந்து நின்றது. மாரிசெல்வி ஹாரனை ஒரு தடவை தேவைக்கு அடித்தாள், நாலு தடவை சந்தோஷத்துக்கு அடித்தாள். டீக்கடையில் சோலைமலை உட்கார்ந்து, கேமரா செய்த தப்பைத் தான் ஒற்றை ஆளாகக் கோர்ட்டுக்குப் போய்க் கண்டுபிடித்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வண்டி, யார் ஓட்டியது என்கிற சில்லறை விவரங்களைச் சொல்ல நேரம் இல்லை. அவள் மறுக்கவில்லை. கியரைப் போட்டுப் புறப்பட்டாள். அவருடைய பைக்கைத் தாண்டும்போது பார்த்தாள். எண் பலகை பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை.

சரி, இனி உங்களிடம் ஒரு கேள்வி. இவ்வளவு நேரம் படித்தபோது, அந்தப் பிள்ளை கோர்ட்டுக்குப் போயிருக்கவே வேண்டாம், அதற்குச் சுலபமான ஒரு வழி இருக்கிறது, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று உங்கள் வாய் ஒரு தடவையாவது துறுதுறுத்ததா? அப்படியானால் இதை மூடி வைத்துவிட்டு, ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். உங்கள் வண்டியின் கடைசி எண் என்னவென்று ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிடுவது நல்லது.