நாற்பத்தேழு இன்ச் பின்சீட்டு

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள், டயரை ஒரு உதை விடுவார்கள். தையல்காரர் இன்ச் டேப்போடு போனார். கதவைத் திறந்து, பின்சீட்டில் முட்டி போட்டு, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை அளந்தார். நாற்பத்தேழு. மறுபடி அளந்தார். அதே நாற்பத்தேழு. முகம் மலர்ந்துவிட்டது.

"இதைவிடப் பெரிய வண்டியும் இருக்கு சார்," என்றாள் விற்பனைப் பெண்.

"இதைவிடச் சின்னது இருக்கா?"

"இதுக்கும் கீழன்னா பைக்தான் சார்."

"அப்ப இதுவே போதும்."

காரணம் இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரும் மனைவியும் தனியாக எங்கேயும் போனதில்லை. கிளம்பினால் மாமியார் வருவார். மாமியார் வந்தால் மச்சினி வருவாள். மச்சினி வந்தால் அவள் புருஷன், அதாவது சகலை, வராமல் இருப்பாரா? பஸ்ஸில் நாலு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள். தையல்காரர் கம்பியைப் பிடித்தபடி, எல்லாருடைய பையையும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரை வரை போய்வர வேண்டும். மனுஷனுக்கு இதற்கு மேல் ஆசையே கிடையாது.

வராதீர்கள் என்று சொல்லவோ வாய் வராது. அதனால் கணக்குப் போட்டார். அந்த மூன்று பேருக்கும் துணி தைப்பவர் அவரே. உட்காரும் இடத்தின் சுற்றளவைத் தொழிலில் 'சீட்' என்பார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு எடுத்து, உட்கார்ந்தால் பரவுவதற்கு இரண்டு இன்ச் சேர்த்தார். மாமியார் பதினேழு. மச்சினி பதினாறு. சகலை பதினெட்டு. மொத்தம் ஐம்பத்தொன்று. நாலு இன்ச் இடிக்கிறது. மூவரும் ஒருவரை விட்டு ஒருவர் வரமாட்டார்கள். பழி காரோடு போய்விடும்.

கார் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. வந்த வாரமே ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போலாமா?"

"போலாமே. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எனக்கும் கூட்டிட்டுப் போக ஆசைதான். என்ன பண்றது, பின்சீட்டுல அவங்க மூணு பேரும் அடங்க மாட்டாங்களே. நாலு இன்ச் குறையுது."

"நாலு இன்ச்சா? அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"தொழில் புத்தி."

"ம்," என்றாள் மனைவி.

அவளுடைய 'ம்'முக்கு அவருக்குப் பதினோரு அர்த்தம் தெரியும். இது பன்னிரண்டாவது. கவனித்திருக்கலாம். சட்டைக்கு இஸ்திரி போடும் மும்முரத்தில் விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை வாசலுக்கு வந்தால், சகலை முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மாமியாரும் மச்சினியும். ஸ்டியரிங் பக்கத்துக் கதவருகே மனைவி, கையில் சாவி.

"சாவியை எதுக்கு நீ வச்சிருக்க?"

"ஓட்டத்தான்."

"விளையாடாத. உனக்கு ஓட்டத் தெரியாது."

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். போட்டோவில் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத ஒரு சிரிப்பு.

"இது எப்ப எடுத்த?"

"புதன்கிழமை தவறாம பட்டன் வாங்கப் போனேனே."

கடையில் ஆறு டப்பா நிறையப் பட்டன் ஏன் சேர்ந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அளவு நோட்டைப் புரட்டினேன்," என்றாள் அவள். "'கார்'னு ஒரு கஸ்டமர். சீட் நாப்பத்தேழு. கீழே எங்க அம்மா, தங்கச்சி, அவ புருஷன். கூட்டிக் கழிச்சு, 'வெற்றி'ன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு வேற."

அளந்ததை எழுதி வைக்காவிட்டால் அவருக்கு ராத்தூக்கம் வராது. எழுதினார். தினமும் அவர் துணி வெட்டும்போது அந்த நோட்டைப் பார்த்து அளவு படித்துச் சொல்வதே அவள்தான் என்பது எழுதும்போது ஞாபகம் வரவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அது நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போடாது.

"சரி, தப்புதான். நானே ஓட்டுறேன். நீ பின்னாடி உக்காரு. பதினேழு, பதினாறு, நீ பதினாலு. கரெக்டா நாப்பத்தேழு!"

"தையலுக்கு இடம் விடாம வெட்டலாமா? ஒரு இன்ச்சாவது விடணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அப்ப நீ ஓட்டு. நான் பின்னாடி வரேன்."

"அம்மாவும் தங்கச்சியும் போக மிச்சம் பதினாலு. நீங்க பதினேழு."

"ஒடுங்கிக்கிறேன்."

"மூணு இன்ச் பிடிச்சுத் தைக்க நீங்க என்ன ஜாக்கெட்டா? அங்க சாப்பாட்டுக் கூடை வச்சாச்சு."

மாமியார் கண்ணாடியை இறக்கினார். "மாப்பிள்ளை வரலியா?"

"அவருக்கு இடம் இல்லம்மா. கார் சின்னது."

"அடப் பாவமே. பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?"

மனைவி ஏறி உட்கார்ந்தாள். கிளம்பும் முன் அவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "தனியாப் போலாம் வான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எல்லாரையும் விட்டுட்டு வந்திருப்பேன். நீங்க எங்க அம்மாவை அளந்துல்ல பார்த்தீங்க?"

தையல்காரருக்கு இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. இப்போதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். கார் நகர்ந்துவிட்டது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. அவர் ஓட்டும்போது ஒருநாளும் போட்டிராத சிக்னலைப் போட்டு, தெருமுனையில் அழகாகத் திரும்பி மறைந்தது.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்தார்.

"நானும் இதே கார்தான் வாங்கலாம்னு இருக்கேன். விளம்பரத்தை நம்ப முடியாது, வச்சிருக்கவங்க சொல்லணும். எப்படி இருக்கு வண்டி?"

தையல்காரர் தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"வெளியில நின்னு பார்க்க ரொம்ப நல்லா இருக்கு."